கப்பல்பழச் செடி தூங்கின கோடை

எங்க மணல்குடியில பனிக்குப் பேரு உண்டு, ஆளு கெடையாது. கோயிலு பனிமாதா கோயிலு, தெரு பனிமாதா தெரு, எங்க அம்மை பேரு பனிமயம், எங்க மாமியா பேரும் பனிமயம், ஆனா மேக்க உப்பளம், கெழக்கக் கடலு, நடுவுல வெயிலுன்னு கெடக்குத ஊர்ல பனின்னா என்னன்னு ஒரு சீவனுக்கும் தெரியாது. வருசா வருசம் திருநாளுக்குச் சப்பரம் தெருவுக்குள்ள திரும்பும்போது பிள்ளைங்க மொட்டைமாடியில நின்னு வெள்ளக் காயிதத்தப் பொடிப்பொடியா நறுக்கி மாதா தலையில கொட்டும், நாங்களும் அண்ணாந்து பாத்து, கண்ணுல விழுந்தா ஊதிவிட்டு, இதுதான் பனின்னு நெனச்சுக்கிடுவோம்.

நெசமான பனி வந்து விழுந்தது கோயில்ல இல்ல, எங்க அண்ணன் இன்னாசி வீட்டுக் கொல்லையில. அதுவும் கத்திரி வெயில்ல. அதுவும் ஒத்தச் செடிக்காக. நான் விக்டோரி, மீன் விக்குதவ, அடுத்த வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஓலைவேலிதான், அதுலயும் நான் எட்டிப் பாக்க ஒரு ஓட்டை உண்டு. அதனால நான் சொல்லுததுதான் சரி. வேற யாராச்சும் வேற மாதிரி சொன்னாவன்னா அவிய அன்னைக்கு ஊர்லயே இல்லன்னு வச்சுக்கிடுங்க.

அண்ணனுக்குக் கப்பல்ல சமையல் வேலை. வருசத்துல ஒருக்கா லீவுக்கு வருவாவ, வரும்போது யாருக்கும் ஆகாத ஒரு சாமான் கொண்டாருவாவ. ஒரு லீவுக்கு வந்தப்ப ஃபிளாஸ்க்குல ஐஸ் அடைச்சு, அதுக்குள்ள ஒரு கை கறுப்புப் பழம். ஏதோ குளிர்நாட்டுத் துறைமுகத்துல, கப்பக்காரங்க தங்குத வீட்டுக்குப் பின்னால குத்துச்செடியில கொத்துக்கொத்தா தொங்கிச்சாம், வீட்டுக்காரம்மா பறிச்சுக் குடுத்தாளாம். மவ லிடியா சின்னப் பிள்ளையில இருந்து ஐஸ்கிரீம் வண்டி மணி கேட்டா பிளாக் கரண்ட்தான் வேணும்னு உருளுவா. "இம்புட்டு நாளும் நீ தின்னது கலருட்டி, பழம் இதுதான்"னு சொல்லி அண்ணன் குடுத்தாவ. அவ ஒண்ண வாயில போட்டா, மூஞ்சிய சுளிச்சா, துப்பப்போறான்னு பாத்தா இன்னொண்ணு எடுத்தா, அப்புறம் யாருக்கும் குடுக்கல. எனக்கு வேண்டா வெறுப்பா ஒண்ணு நீட்டினா: ஒரே புளிப்பு, பின்னால ஒரு தொவர்ப்பு, ஆனா அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாக்கு அதையே தேடிச்சு.

அண்ணன் பொண்டாட்டி பிரகாசி எனக்கு மைனி. ஒண்ணா பள்ளிக்கூடம் போயி ஒரே டீச்சர்கிட்ட அடி வாங்குனவ, அதனால மைனின்னு கூப்பிட்டாலும் பேச்சுல மரியாதையெல்லாம் எதிர்பாக்காதீய. அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு, வெதையத் தூர எறிய மாட்டா. உப்பு பூத்த தரையில கொளத்து மண்ணைத் தலைச்சுமையாக் கொண்டாந்து கொட்டி, தின்ன மாதுளை, தின்ன சீத்தா, தின்ன கொய்யா எல்லாத்தையும் கொல்லையில முளைக்க வச்சவ. அந்தக் கறுப்புப் பழத்துல அடியில நசுங்கிக் கெடந்ததத் தண்ணியில கரைச்சு, மெதந்தத ஊத்திட்டு, அடியில தங்குன வெதைய வெள்ளத்துணியில காயப் போட்டா. எள்ளவிடச் சின்னது. தொட்டியில தூவி, காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிச்சு, ஒண்ணும் வரல.

அண்ணன் கப்பல்ல இருந்து போன் போட்டப்ப இவ சண்டைக்குப் போனா. "மலட்டு வெதையக் கொண்டாந்து குடுத்திட்டீயளே!"

"ஏ கூறுகெட்டவளே, அது குளிர்நாட்டு வெத. அதுக்கு முழுசா ஒரு குளிர்காலம் வேணும். ஈரமணல்ல பொதிஞ்சு ஃப்ரிட்ஜுல வையி. குளிரு முடிஞ்சு போச்சுன்னு அதுவா உணர்ந்தாத்தான் கண்ணு முழிக்கும். நடுவுல குளிரு விட்டுச்சின்னா அம்புட்டுதான், திரும்ப மொதல்ல இருந்து தூங்கும்" அப்படின்னாவ.

இந்த ஒரு பேச்ச நீங்க மறக்காதீய. ஊரே மறந்துபோயிதான் ஒரு பச்சப்பிள்ளை உசுரு ஊசலாடிச்சு.

ஃப்ரிட்ஜுல வச்சா, எங்க ஊரு கரண்ட்டு என்ன குளிர்நாட்டுக் கரண்ட்டா? வரும், போவும், போனா வராது. மணல் வெதுவெதுன்னு ஆயிரும். வெத பாதித் தூக்கத்துல புரண்டு திரும்ப மொதல்ல இருந்து தூங்கும். பிரகாசி ஃப்ரிட்ஜு கதவத் தொறந்தவன் கையிலயெல்லாம் அடிச்சா, குடிக்கத் தண்ணி கேட்டு வந்த பங்குச்சாமியாருக்கே பானைத் தண்ணிதான். கடைசில எம் புருசன் அந்தோணி வேலை பாத்த ஐஸ் கம்பெனியில, ஜெனரேட்டர் ஓடுத குளிர் ரூமுல, ஏத்துமதி எறாலுக்குப் பின்னால ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சாவ. எறால் ஏத்தும்போதெல்லாம் இவரு அந்த டப்பாவுக்கு நடுங்கினாரு. மழைக்காலம் முடிஞ்சு எடுத்துத் தூவினா, பாத்துக்கிடுங்க, பச்சை மயிர்க்கால் மாதிரி முளைச்சுது. ஆடு தின்னது போவ, கோடையில கருகினது போவ, ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. அதுக்குக் கீத்துப்பந்தல், சுத்தி ஈரச்சாக்கு. இலை பாகக்கா இலை கணக்கா மடல்மடலா, கசக்கினா பூனை மூத்திர வாடை. ஊரு அதுக்குக் கப்பல்பழச் செடின்னு பேரு வச்சுது.

அடுத்த கோடையில, கட்டிக்குடுத்திருந்த லிடியா மொதப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தா. வயித்துப் பிள்ளைக்காரி வாசல்ல கால் வச்சதும் கொல்லைக்குப் போயி, "யம்மா, பழம் எங்க?"ன்னு கேட்டா. செடியில இலைதான் இருந்துச்சு, ஒரு பூவக் காணோம். அண்ணன் போன்ல சிரிச்சாவ: "இலையக் கொட்டி, பனியில தூங்கி எந்திரிச்சாத்தான் அது பூக்கும் பிரகாசி. நம்ம ஊர்ல எங்க போவ?"

போன வச்சிட்டு மைனி நேரா செடிகிட்டப் போனா. ஃப்ரிட்ஜுல இருந்த ஐஸ் எல்லாத்தையும் தூருல கொட்டினா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, கடன்காரன்கிட்டப் பேசுத மாதிரி, "எம்மவ கேக்கா. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். ஒனக்கு என்ன வேணுமோ நீயே வரவழச்சுக்கோ"ன்னா. நான் ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சிரிப்ப அடக்கிக்கிட்டேன்.

மறுநாள் வெயிலு ஏறி எட்டிப் பாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக் கெடந்துச்சு. யாரோ உப்பு மூட்டைய அவுத்துக் கொட்டிட்டானுவன்னு நெனச்சு, கைய விட்டு எடுத்து நாக்குல வச்சேன். கரிக்கல. கரைஞ்சு போச்சு. அண்ணாந்து பாத்தா, தெரு பூரா வெயிலு காயுது, உப்பளம் கண்ணக் கூசுது, அந்தக் கொல்லைக்கு மேல மட்டும் சத்தங்காட்டாம, அவசரமில்லாம, பூப்பூவா எறங்கிக்கிட்டு இருக்கு. செடி இலை பூராத்தையும் உதிர்த்துட்டு வெறுங்குச்சியா நிக்கி. பிரகாசி நடுக்கொல்லையில போர்வையப் போத்திக்கிட்டு, வெளக்கமாத்தக் கையில வச்சிக்கிட்டு, பெருக்கவா வேண்டாமான்னு யோசிச்சிக்கிட்டு நின்னா.

அப்புறம் என்ன, ஊரு வந்துச்சு. மொத நாளு முட்டிபோட்டு வந்தாவ, மெழுகுதிரியோட வந்தாவ, ஜெபமாலை உருட்டிக்கிட்டு வந்தாவ, மாதா தம் பேருக்கேத்த வரத்த நம்ம ஊருக்குக் குடுத்துட்டான்னு அழுதாவ. பங்குச்சாமியார் வந்து குனிஞ்சு தொட்டுப் பாத்து, "மேலிடத்துக்கு எழுதிக் கேக்கேன், அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாதீய"ன்னாரு. ரெண்டாம் நாளு கும்பிட வந்தவன் கையில சோடா பாட்டிலு இருந்துச்சு. அடுத்து இட்லிமாவு வந்துச்சு, கட்டாத மல்லியப்பூ வந்துச்சு, கல்யாண வீட்டுக் கறி வந்துச்சு. செத்துப்போன வியாகுலம் தாத்தாவ, துபாய்ல இருந்து மவன் வார வரைக்கும், கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லாம இங்கயே ஓரமா வச்சிருந்தாவ, அவரும் மூஞ்சி வாடாம மவன் வந்தப்புறம் போயிச் சேந்தாரு. ஒரு வாரத்துல எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் பனி ஆச்சரியமில்ல. "பிரகாசி வீட்டுக் குளிரு"ன்னு, "செல்லையா கடை முக்கு"ன்னு சொல்லுத மாதிரி சொல்லிக்கிட்டுப் போனாவ.

பிறகுதான் வள்ளக்காரங்க கூடையோட வந்தாவ. விசைப்படகுக்குத் தடைக்காலம், லாஞ்செல்லாம் கரையில கெடக்கு, நாட்டு வள்ளம் மட்டும் போயிட்டு வருது. ஐஸ் காசு குடுத்து வாங்கணும், இது சும்மா கெடக்கு. அள்ளினாவ. அள்ள அள்ள, மறுநாள் விடியறப்ப அம்புட்டும் பெஞ்சு நெறஞ்சு கெடக்கு. நானும் அள்ளினேன், என்னத்த மறைக்க, எங் கூடைச் சாளைமீனு அந்தக் கோடையில மத்தியானம் வரைக்கும் கண்ணு கலங்காம இருந்துச்சு. ஐஸ் கம்பெனிக்காரரு யாவாரமில்லாம மெஷினக் கழத்திக்கிட்டு வேற கடற்கரை ஊருக்குப் போயிட்டாரு, எம் புருசன் வீட்டுல உக்காந்து குழம்புக்கு உப்பு கூடன்னு நொட்டை சொல்ல ஆரம்பிச்சாரு.

இதுக்கு நடுவுல லிடியாவுக்கு வலி வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில பொம்பளப்பிள்ளை, நல்ல எடை, பொறந்ததும் வார்டே திரும்பிப் பாக்குத மாதிரி ஒரு அழுகை. "குரலப் பாருங்க, ஏலம் போடப் பொறந்தவ"ன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. வீட்டுக்குக் கொண்டாந்தோம். வாசல்ல ஆட்டோவ விட்டு எறங்குத வரைக்கும் கத்தின பிள்ளை, கொல்லைக் குளிரு மூஞ்சியில பட்டதும் கொட்டாவி விட்டுச்சு, கண்ண மூடிச்சு.

மூடினதுதான். தொறக்கல.

மறுநாளும் தொறக்கல, மறுவாரமும் தொறக்கல. மூச்சு இருக்கு. பாலாடையில ஊத்தினா சொட்டுச்சொட்டா எறங்குது. அழுகை இல்ல, அசைவு இல்ல, ஒடம்பு தண்ணித் தொட்டியில கெடக்குத மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு. லிடியா மாருல பாலு கட்டி, வலியில துடிச்சுக்கிட்டு, "யம்மா, பிள்ளைய எழுப்பும்மா"ன்னு கெடந்து கதறினா. மாப்பிள்ளை ரீகன் காரக் கொண்டாந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினான். நானும் கூட இருந்தேன். உப்பளம் தாண்டுதப்ப பிள்ளை மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது, உதடு நீலம் பாவிச்சு, வண்டி போவப்போவ மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல இடைவெளி கூடிச்சு. "திருப்புல வண்டிய!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரீகன் நடுரோட்டுல திருப்பினான். தெருவுக்குள்ள வந்ததும் மூச்சு சீராச்சு. ஆஸ்பத்திரியில இருந்து டாக்டரக் கையோட கூட்டியாந்து காட்டினோம், நெஞ்சில வச்சுப் பாத்தாரு, "நோயின்னு ஒண்ணுமில்ல, தூங்குது"ன்னாரு. அவரும் போவும்போது ஒரு பையில கொஞ்சம் பனி வாங்கிக்கிட்டுப் போனாரு.

ரீகன் அன்னைக்கே அருவாளோட கொல்லையில எறங்கினான். மைனி குறுக்க நின்னா.

"வெலகுங்க அத்தை. இந்தச் சனியனாலதான் எம் பிள்ளை இப்படிக் கெடக்கு."

"இது தூங்குது, அவளும் தூங்குதா. ஒரே தூக்கத்துல கெடக்குத ரெண்டு பேருல ஒருத்திய வெட்டினா மத்தவ முழிப்பாளா, போயிருவாளா? ஒமக்குத் தெரியுமா மருமவனே? எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நானே வெட்டிருவேன்."

அவன் அருவாளப் போட்டுட்டுப் பனியிலயே உக்காந்து அழுதான். ஆம்பளப் பிள்ளை அப்படி அழுது நான் பாத்ததில்ல.

லிடியா பேரு வைக்க மாட்டேன்னுட்டா. "அவ முழிச்சு எம் மூஞ்சியப் பாக்கட்டும், அப்புறம் பேரு"ன்னா. பிரகாசி ராப்பகலா பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு, சன்னல் வழியா செடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. தூக்கமில்லாத கண்ணு எல்லாத்தையும் பாக்கும் போல. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான் போனப்ப என் கையப் புடிச்சு இழுத்தா. "ஏளா, பாரு." பிள்ளை சுண்டுவிரலு அசைஞ்சுது. நெசமா அசைஞ்சுது. கொல்லையில போயிப் பாத்தா குச்சியில ஒரு கணுவுல மொட்டு வீங்கி, நுனியில கடுகு போல பச்சை. ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டோம். திங்கக்கிழமை விடிஞ்சு பாத்தா மொட்டு சுருங்கி, மூடி, விரலும் கல்லு போலக் கெடக்கு.

அடுத்த ஞாயிறும் அப்படியே. மொட்டும் வீங்கிச்சு, உதடும் சப்புக்கொட்டிச்சு. அடுத்த திங்கள் அம்புட்டும் போச்சு.

"ஞாயித்துக்கிழமைக்கு என்னளா விசேசம்?"ன்னு கேட்டா மைனி.

"ஒண்ணுமில்ல. பூசை. கடலுக்குப் போமாட்டாவ." சொன்ன வாயி அப்படியே நின்னுபோச்சு எனக்கு.

எங்க கரையில ஞாயித்துக்கிழமை ஒரு வள்ளமும் எறங்காது, எறங்கினா ஊர்க்கமிட்டி தண்டம் போடும். வள்ளம் எறங்காட்டா கூடை வராது. கூடை வராத அன்னைக்கு மட்டும் செடிக்குக் குளிரு கலையல. மத்த நாளெல்லாம் விடியமின்ன வந்து நாங்க வழிச்சு அள்ளிட்டுப் போயிருதோம், தூரு வரைக்கும் வெயிலு அடிக்கி, தூக்கம் கலைஞ்சு, திரும்ப மொதல்ல இருந்து. அண்ணன் சொன்ன அதே பேச்சு. கரண்ட்டு போன ஃப்ரிட்ஜு மாதிரி அந்தக் கொல்லையத் தெனமும் தொறந்து தொறந்து மூடினது நாங்கதான். இப்படியே போனா அது என்னைக்கும் முழிக்காது. பாலாடைப் பாலுல ஒரு பிள்ளை எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? அதுக்குள்ள அது கன்னம் ஒட்ட ஆரம்பிச்சிருச்சு.

மைனி கொல்லைக் கதவப் பூட்டினா.

பூட்டின நாளப் பாருங்க: தடைக்காலம் முடிஞ்சு லாஞ்செல்லாம் எறங்கப் போற நேரம். ரெண்டு மாசமா அடுப்பு அரைகுறையா எரிஞ்ச வீடுங்க. ஐஸ் கம்பெனி இல்ல. ஞாயித்துக்கு முந்தின நாளே கொஞ்சப் பேரு லாஞ்சு ஐஸ்பெட்டிய இந்தப் பனியால பாதி நெரப்பி வச்சிருந்தாவ, மிச்சத்துக்குத் திங்கக்கிழமை காலையில வந்தா கதவு பூட்டு. தெருவே திரண்டு போச்சு. முன்னால ஊர்க்கமிட்டித் தலைவரு மிக்கேல் அண்ணன், பெரிய மீசை, பெரிய குரலு, தலையில கூடை.

"பிரகாசி, மாதா குடுத்தது ஊருக்கு. ஒங்கதவுக்கு இல்ல."

"ஊருக்குத்தான் குடுத்தா அண்ணே. ஊரு கொஞ்சம் பொறுக்கட்டும். கூடை வராத ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் செடியும் பிள்ளையும் அசையுது. செடி ஒரு முழுத்தூக்கம் தூங்கி எந்திரிச்சிரட்டும். எம் பேத்தி எந்திரிச்சிருவா."

"பச்சப்பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை எது, திங்கக்கிழமை எதுன்னு தெரியுமாக்கும்?"ன்னு பின்னால ஒருத்தன் சிரிச்சான். பத்துப் பேரு சேந்து சிரிச்சாவ. "எங்க பிள்ளைங்க பட்டினி கெடந்தா அது பிள்ளையில்லையா?"ன்னு ஒரு பொம்பள கத்தினா. அவ கேட்டதுலயும் நாயம் இருந்துச்சு. கதவத் தள்ளினாவ. ரீகன் உள்ள இருந்து முதுகக் குடுத்து நின்னான். கதவு கீலு கழண்டுபோச்சு.

கூட்டம் உள்ள வந்ததும் மைனி கத்துவான்னு பாத்தேன். அவ வீட்டுக்குள்ள போனா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா, துணிய வெலக்கினா, மிக்கேல் அண்ணன் கீழ எறக்கி வச்சிருந்த மீன்கூடையில, நேரா அதுக்குள்ள, படுக்க வச்சா.

"அள்ளுங்க அண்ணே. இவளையும் சேத்து அள்ளிட்டுப் போங்க. தனித்தனியா எதுக்கு?"

லிடியா வாசப்படியில அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. பிள்ளை மூக்குல இருந்து மூச்சு, குளிருல சின்னப் புகையா, வருது, போவுது, வருது, போவுது. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கோம். அந்நேரம் பின்னால நின்ன ஒருத்தன், முன்னால என்ன நடக்குன்னு தெரியாம, கெடைச்சவரைக்கும் லாபம்னு செடித் தூருல இருந்து ஒரு கூடை வழிச்சு அள்ளினான்.

புகை நின்னுபோச்சு.

"ஏல, கொட்டுல!" மிக்கேல் அண்ணன் போட்ட சத்தத்துல காக்கா பறந்துச்சு. "கொட்டுல அத! எடுத்த எடத்துலயே கொட்டு!"

அவன் கொட்டினான், கையால அணைச்சு மூடினான். நாங்க மூச்சு விடல. பிள்ளையும் விடல. மைனி கூடைப் பக்கத்துல மண்டிபோட்டு, கைய நீட்டாம, கண்ண சிமிட்டாம இருந்தா. மிக்கேல் அண்ணன் குனிஞ்சு பிள்ளை நெஞ்சில கைய வச்சாரு. அறுவது வருசமா மீன் தொட்ட கை அது. செத்த குளிரு எது, உசுருக் குளிரு எதுன்னு அதுக்குத் தெரியும். அவரு மூஞ்சியத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன். மீசை துடிச்சுது. அப்புறம் அந்தக் கையிலயே சின்னதா ஒரு புகை பட்டுச்சு.

அவரு பிள்ளைய எடுத்து மைனி கையில குடுத்தாரு. கூடைய எடுத்துக்கிட்டு வெளியே போனாரு. எல்லாரும் பின்னால போனாவ. சரி, விட்டானுவன்னு நெனச்சேன்.

அன்னையில இருந்து ஒரு சொட்டுப் பனி பெய்யல. வரவழச்சு வரவழச்சு செடிக்கும் சக்தி போயிருச்சோ என்னமோ. இருந்ததே கணுக்கால் ஒசரம்தான், அதையும் வெயிலு அன்னைக்கு மத்தியானத்துக்குள்ளயே தின்ன ஆரம்பிச்சுது. மைனி ஃப்ரிட்ஜு ஐஸக் கொண்டாந்து போட்டா, நான் எங்க ஃப்ரிட்ஜு ஐஸப் போட்டேன். யானைக்கு எள்ளுருண்டை. நான் வேலியப் புடிச்சுக்கிட்டு, மாதாவே மாதாவேன்னு நிக்கேன், தெரு முக்குல ஆளு வருது.

மிக்கேல் அண்ணன். தலையில கூடை. அவரு பின்னால அவரு மவன், அவன் பின்னால லாஞ்சுக்காரங்க, வள்ளக்காரங்க, காலையில கத்தின அந்தப் பொம்பள, எல்லார் தலையிலயும் கூடை, எல்லார் கழுத்துலயும் தண்ணி வழியுது. ஐஸ்பெட்டியில நெரப்பி வச்சிருந்தத அம்புட்டையும் திரும்ப அள்ளிக்கிட்டு வந்திருக்காவ. கழண்ட கதவத் தாண்டி வந்து, செடியச் சுத்திக் கொட்டினாவ. பழைய பாய்ச்சீலைய மேல விரிச்சுக் கட்டினாவ, மரத்தூள் கொண்டாந்து மூடினாவ. ஒருத்தன் ஐஸ் நிக்கணும்னா உப்பு போடணும்னு மூட்டையோட வந்தான், மீனுக்குப் போடுத புத்தி, செடி செத்துரும்ல பேதியில போவான்னு நான் வெரட்டினேன்.

லாஞ்சு எறங்கிச்சு, ஐஸ் இல்லாம. காலையில போயி சாயங்காலமே திரும்பினாவ, தூரக்கடலுக்குப் போவல, கெடைச்சத அன்னைக்கே வித்தாவ, விக்காதத நாங்க கீறி உப்புல போட்டோம், ஊரு பூரா கருவாட்டு நாத்தம். வீட்டுக்கு ஒரு நாள் முறை வச்சு அடுத்த கடற்கரை ஊர்ல இருந்து ஐஸ்பார் வாங்கிக் கொண்டாந்து கொட்டினாவ. சும்மா அள்ளின ஊரு காசு குடுத்து வாங்கித் திரும்பப் போட்டுச்சு. முணுமுணுத்தவன் இல்லாமலா? இருந்தான். முணுமுணுத்துக்கிட்டே சொமந்தான். பிள்ளை கன்னம் இன்னும் ஒட்டிச்சு. மொட்டு வீங்கிச்சு, சுருங்கல, ஆனா தொறக்கவும் இல்ல. மைனி முடியில நரை ஏறினதக் கண்ணால பாத்தேன்.

திருநாள் வந்துச்சு. கொடியேத்தம் ஆச்சு, மேளம் ஆச்சு, மைனி வீட்டுல மட்டும் யாரும் புதுத்துணி எடுக்கல. சப்பரத்தன்னைக்கு மிக்கேல் அண்ணன் வீட்டு முறை. மாதா சப்பரம் தெருவுக்குள்ள திரும்புது, அவரு திருநாள் வேட்டியோட தலையில ஐஸ் கூடையச் சொமந்துக்கிட்டு முன்னால ஓடி வாராரு. பிள்ளைங்க மொட்டைமாடியில இருந்து காயிதப் பனியக் கொட்டுது. காத்து அடிச்சுது, காயிதம் பூரா வேலி தாண்டி மைனி கொல்லைக்குள்ள பறந்துச்சு, செடி மேல, பாய்ச்சீலை மேல, மடியில பிள்ளைய வச்சுக்கிட்டுப் படியில உக்காந்திருந்த மைனி மேல.

நான் செடியத்தான் மொதல்ல பாத்தேன். குச்சியில காயிதம் ஒட்டியிருக்குன்னு எடுக்கப் போனா, இலை. மடக்கின விசிறி விரியுத மாதிரி ஒரு குட்டி இலை, அதுக்குக் கீழ சரமாத் தொங்குது பூ. "மைனி"ன்னு கூப்பிடத் திரும்பினேன்.

பிள்ளை மூக்கு நுனியில ஒரு வெள்ளத்துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூக்கு சுருங்கிச்சு. ஒரு தும்மல்.

அதுக்கப்புறம் ஒரு அழுகை பாருங்க. மேளம் நின்னுச்சு, சப்பரம் நின்னுச்சு, வெடி போட இருந்தவன் தீக்குச்சியோட நின்னான். இம்புட்டு நாளு சேத்து வச்ச அழுகைய ஒரே மூச்சுல அழுதா. கண்ணத் தொறந்துக்கிட்டு, கறுப்பா ரெண்டு கண்ணு, அந்தப் பழம் போலவே, ஓடி வந்து குனிஞ்ச லிடியா மூஞ்சியப் பாத்துக்கிட்டே அழுதா. லிடியா சிரிக்காளா அழுதாளா தெரியல, மாரோட சேத்து அணைச்சுக்கிட்டா. "அழட்டும், யாரும் அமத்தாதீய, நல்லா அழட்டும்"னு ரீகன் தெருவப் பாத்துக் கத்துதான்.

மிக்கேல் அண்ணன் வாசல்ல அப்படியே நிக்காரு. தலையில கூடை, கூடைத் தண்ணி நெத்தியில வழிஞ்சு, மீசையில வழிஞ்சு, புது வேட்டி தொப்பல். என்ன செய்யன்னு தெரியாம மைனியப் பாத்து, "கொட்டவா பிரகாசி, வேண்டாமா?"ன்னு கேட்டாரு.

மைனி பேத்தி சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம் முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா:

"வேண்டாம் அண்ணே. இனி ஒங்க மீனுக்குப் போடுங்க."